25 ஹெச்7 துளை: இங்கே ஓகே, கஸ்டமரிடம் ரிஜெக்ட். தரச் செலவை எப்படிக் கணக்கெடுப்பது?

கேள்வி (புஷ்_லைன்)
ஸ்டீல் புஷ் (பின் நுழையும் உருளை வளையம்), துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை; இதுதான் ஹெச்7 டாலரன்ஸ், அதாவது அனுமதித்த வித்தியாசம். சிஎன்சி லேத்தில் முடித்து, டயல் போர் கேஜில் (துளை விட்டம் அளக்கும் கருவி) ஒவ்வொரு பீஸையும் பார்த்துத்தான் அனுப்புகிறோம். மாத அறிக்கையில் ஸ்க்ராப் குறைவு. ஆனால் "துளை சிறிசு, பின் நுழையல" என்று டெபிட் நோட் (கஸ்டமர் பணம் பிடிக்கும் சீட்டு) வந்தபடியே இருக்கிறது. திரும்பி வந்த பீஸை அதே கேஜில் பார்த்தால் பாதி ஓகே. கேஜுக்கு காலிப்ரேஷன் சர்டிபிகேட் இருக்கிறது. தரச் செலவைத் தனியாக எடுக்கச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில் (கேஜ்_ரூம்)
செலவுக் கணக்கு அப்புறம் சார். பீஸை எந்தச் சூட்டில் அளக்கிறீர்கள்? டிராயிங் அளவு 20 டிகிரிக்கு உரியது. ஸ்டீல் மீட்டருக்கு, டிகிரிக்கு சுமார் 11.5 மைக்ரான் விரியும். மெஷினிலிருந்து இறங்கிய பீஸ் 45 டிகிரி, கேஜை செட் பண்ணும் மாஸ்டர் ரிங் 30 டிகிரி என்றால் துளை 4.3 மைக்ரான் பெரிதாகக் காட்டும். மொத்த டாலரன்ஸே 21 மைக்ரான்தான்.

துளை பெரிசானால் ஸ்க்ராப், சிறிசானால் இன்னொரு கட் போடலாம். அதனால் ஆபரேட்டர் கீழ் எல்லையை ஒட்டியே ஓட்டுவார். சூட்டில் 25.002 காட்டி ட்ரேக்குப் போன பீஸ், ஆறினதும் 24.998. டெபிட் நோட் அங்கேதான் பிறக்கிறது. ஏசி ரூம் கட்ட வேண்டாம். பீஸையும் ரிங்கையும் ஒரே இரும்பு சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளங்கள். மெஷின் ஆஃப்செட்டை (டூல் அளவுத் திருத்தம்) 25.010-ஐக் குறிவைத்துப் போடுங்கள்.

பதில் (மைக்ரான்)
மேலே சொன்னது சரி. அதோடு கேஜ் ஆர் அண்ட் ஆர் எடுங்கள்; அதே பீஸை மறுபடி மறுபடி, ஆள் மாற்றி அளந்தால் அளவு எவ்வளவு மாறுகிறது என்ற சோதனை அது. சர்டிபிகேட் கேஜைப் பற்றி மட்டும்தான் பேசும்; அதைப் பிடிக்கும் கையைப் பற்றிப் பேசாது. 10 பீஸ், 3 ஆபரேட்டர், தலா 3 முறை: 90 அளவு. பீஸ்கள் ஒரே மணி நேரத்தில் ஓடியவையாக இருக்கக் கூடாது. நம்பரை மறைத்து, வரிசையை மாற்றிக் கொடுங்கள். துளையில் எந்த ஆழம், எந்தத் திசை என்று மார்க்கரில் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் பீஸின் ஓவாலிட்டியும் (துளை சரியான வட்டமாக இல்லாதது) கேஜ் தலையில் விழும்.

அளவீட்டுச் சிதறலின் சிக்மா (திட்ட விலக்கம்) 1.4 மைக்ரான் என்றால் ஆறு மடங்கு 8.4, அதை 21-ஆல் வகுத்தால் 40 சதவீதம். 10-க்குள் நல்லது, 30-க்கு மேல் அந்த கேஜை வைத்து பாஸ், ஃபெயில் சொல்லவே கூடாது. ஒரே ஆள் அளக்கும்போதே சிதறினால் கேஜைப் பாருங்கள். ஆளுக்கு ஆள் மாறினால் அளக்கும் முறையைத் திருத்துங்கள்.

மெல்லிய சுவர் புஷ்ஷை மூன்று ஜா சக்கில் (மூன்று தாடையால் பீஸைப் பிடிக்கும் பிடிப்பான்) இறுக்கினால், கழற்றியதும் துளை மூன்று மூலையாக நிற்கும். இரண்டு புள்ளியில் தொடும் போர் கேஜுக்கு அது தெரியாது, பின்னுக்குத் தெரியும். மூன்று புள்ளி மைக்ரோமீட்டரில் ஒருமுறை பாருங்கள்.

புஷ்_லைன்
சுவர் 3 மி.மீ., மூன்று ஜா சக்தான். நாளைக்கே பார்க்கிறேன். செலவுக் கணக்கு?

பதில் (காஸ்ட்_ஷீட்)
நான்கு தலைப்பு: தடுப்பு, சோதனை, உள் தோல்வி (அனுப்பும் முன்பே தெரிந்தது), வெளித் தோல்வி (கஸ்டமரிடம் போன பிறகு தெரிந்தது). ஒவ்வொரு பீஸையும் பார்க்கும் ஆளின் சம்பளம் சோதனையில் வரும். ஸ்க்ராப்புக்கு மெட்டீரியல் விலை மட்டும் போட்டால் தப்பு. அதுவரை ஓடிய மெஷின் நேரத்தையும் சேர்த்து, ஸ்க்ராப் விற்ற பணத்தைக் கழியுங்கள். பெரும்பாலான இடங்களில் காணாமல் போவது இரண்டு. ஒன்று, ஆபரேட்டர் சத்தமில்லாமல் போடும் இரண்டாவது கட். அதற்கு ரீவொர்க் சீட்டு வையுங்கள். இன்னொன்று டெபிட் நோட். அக்கவுண்ட்ஸில் விற்பனையிலேயே கழித்துவிடுவார்கள். அதைப் பிரித்தெடுத்து, இரு வழி லாரி வாடகை, சார்ட்டிங் கூலி, மாற்று பீஸ் ஓட்டிய நேரம் எல்லாவற்றையும் வெளித் தோல்வியில் சேருங்கள்.

பிறகு ரிஜெக்ட் ட்ரேயிலிருந்து 30, பாஸ் ஆனதில் கீழ் எல்லைப் பக்கம் 30 எடுத்து, ஆறவைத்து நல்ல கருவியில் மறுபடி அளங்கள். தப்பாகத் தள்ளியது எத்தனை, தப்பாக அனுப்பியது எத்தனை என்று தெரியும். அந்தந்த விகிதத்தை அந்தந்த வகைப் பீஸின் மாத எண்ணிக்கையால் பெருக்கி ரூபாயாக்குங்கள். ஏர் கேஜ் (காற்றை ஊதித் துளை அளக்கும் கருவி) கொட்டேஷனை அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாங்கினால், மூன்று மூலைத் துளையும் தெரியும்படி, மூன்று ஜெட் (காற்று வரும் துவாரம்) பிளக்காகக் கேளுங்கள்.