இரண்டு திரை, ஒரே ஒரு சத்தம்

2022 டிசம்பர் 1 அன்று நடந்ததைச் சொல்கிறேன். கத்தார் கால்பந்து உலகக் கோப்பையில் ‘இ’ பிரிவின் கடைசி நாள். பிரிவில் உள்ள நான்கு அணிகளில் இரண்டுதான் அடுத்த சுற்றுக்குப் போகும். ஜப்பான்–ஸ்பெயின் ஓரிடத்தில், ஜெர்மனி–கோஸ்டா ரிக்கா இன்னோர் இடத்தில், இரண்டும் ஒரே நேரத்தில். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே நகரத்தின் நடுவில் இருந்த ஒரு பெரிய ஸ்போர்ட்ஸ் பாருக்குத் தனியாகப் போனேன்.

இடதுபக்கச் சுவரில் ஒரு திரை, வலதுபக்கத்தில் ஒன்று. சத்தம் ஒன்றுக்குத்தான் வைக்க முடியும். கூட்டத்தில் பாதிப் பேர் ஜெர்மனி சட்டையில் இருந்ததால் அந்த ஆட்டத்துக்கே வைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது நீளமான மேசையின் ஓரத்தில் ஒரு இடம். ஒருபக்கம் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு பெரியவர், எதிரே நீலச் சட்டையில் நான்கு ஜப்பானிய இளைஞர்கள்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் அந்தப் பெரியவர் ஒன்று சொன்னார். ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் தன் நாட்டால் வந்தது என்றார். 1982இல் ஸ்பெயினின் ஹிஹோன் நகரத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அல்ஜீரியா முந்தைய நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனி 1–0 என்று ஜெயித்தால் இரண்டு அணிகளுமே மேலே போகலாம், அல்ஜீரியா வெளியே. தொடக்கத்திலேயே மேற்கு ஜெர்மனியின் ஹ்ருபெஷ் கோல் அடித்தார். அதற்குப் பிறகு மீதி நேரம் முழுக்க இரண்டு அணிகளும் பந்தை உருட்டிக்கொண்டு நின்றன. 1986 முதல்தான் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பள்ளிக்கூடப் பையனாக அதைப் பார்த்தவர் அவர். நாற்பது வருஷம் கழித்தும் அந்த வெட்கம் குரலில் இருந்தது.

முதல் பாதி அமைதியாகப் போனது. நாப்ரியும் மொராட்டாவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கோல் அடிக்க, ஜெர்மனியும் ஸ்பெயினும் முன்னிலையில் இருந்தன. நீலச் சட்டைகள் பேசவே இல்லை.

இரண்டாம் பாதியில்தான் அந்த அறையே மாறியது. 48ஆவது நிமிடம் ஜப்பானின் டோவான் சமன் செய்தார். மூன்று நிமிடத்தில் எல்லையில் இருந்து மிடோமா உள்ளே தட்டிய பந்தை டனாகா வலைக்குள் தள்ளினார். மிடோமா தட்டுவதற்கு முன்பே பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டதா என்று விஏஆர், அதாவது வீடியோ நடுவர் குழு, பார்க்கத் தொடங்கியது. அந்தத் திரைக்குத்தான் சத்தம் இல்லையே! ஊமைப்படம் மாதிரி நடுவரின் முகத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். காதில் விழுந்ததோ வேறொரு ஆட்டத்தின் வர்ணனை. எதிரே இருந்த பெண் தன் தோழியின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். நடுவர் மைதானத்தின் நடுவைக் காட்டினார், கோல்தான். மேலே இருந்து எடுத்த படத்தில் பந்தின் விளிம்பு ஒரு நூல் அளவுக்குக் கோட்டின் மேல் இருந்தது.

70ஆவது நிமிடம் கோஸ்டா ரிக்காவும் 2–1 என்று முன்னிலைக்கு வந்தது. அந்தக் கணக்கில் ஜெர்மனி, ஸ்பெயின் இரண்டுமே வீட்டுக்கு. மூன்று நிமிடம்தான் அது நீடித்தது, ஹாவெர்ட்ஸ் சமன் செய்துவிட்டார். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் யாரும் இருக்கையில் இல்லை. இரண்டு திரைக்கும் நடுவில் தலைகள் திரும்பித் திரும்பிப் போயின.

அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மனி மூன்றாவது அடித்தது, நாலாவதும் அடித்தது. 4–2. கைதட்டல்கூடச் சரியாக எழவில்லை. ஏனென்றால் ஸ்பெயின் ஒரு கோல் அடித்தால்தான் ஜெர்மனிக்கு வழி உண்டு. அந்தப் பெரியவர் எழுந்து கவுன்டருக்குப் போய், சத்தத்தை ஜப்பான் ஆட்டத்துக்கு மாற்றச் சொன்னார். தன் அணி ஜெயித்துக்கொண்டிருக்கும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஜெர்மனியின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அப்படியே திரும்பின. ஒரே மேசையில், ஒரே திரையைப் பார்த்து, ஒரு பக்கம் ஒரே ஒரு கோலுக்காக வேண்டியது, மறுபக்கம் அந்தக் கோல் வந்துவிடக் கூடாது என்று வேண்டியது. நான் திரையைவிட அந்த முகங்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஜப்பான் 2–1 என்று முடித்தது. நான்கு பேரும் அழுதார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, எழுந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். அடுத்த மேசையில் ஒருவர் கோபமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, “இப்போது வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் டிசம்பர் 18 அர்ஜென்டினா–பிரான்ஸ் இறுதி ஆட்டத்துக்கும் அவரும் நானும் பேசிவைத்துக்கொண்டு அங்கேயே போனோம். கூட்டம் அதிகம், மாடியில்தான் இடம். மாடித் திரை இணையத்தில் ஓடுவது, கீழே இருந்தது டிஷ் இணைப்பு. இணையத்தில் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, சேர்த்துவைத்து அனுப்புவார்கள், அதனால் பின்தங்கும். இது தெரியாமல் போய் உட்கார்ந்தால் ஒவ்வொரு கோலும் படிக்கட்டு வழியாக முதலில் காதுக்கு வந்துவிடும். போகிறவர்கள் எந்தத் திரை எதில் ஓடுகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

3–3, கூடுதல் நேரமும் தீரப்போகிறது. எங்கள் திரையில் பந்து இன்னும் நடுமைதானத்தில். கீழேயிருந்து பெரிய அலறல். மாடி முழுக்க உறைந்துவிட்டது. அவர் மட்டும் என் தோளைத் தொட்டு, “கோல் இல்லை. கோல் என்றால் சத்தம் நீளும், இது அறுந்துவிட்டது” என்றார்.

சில நொடி கழித்து எங்கள் திரையில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாக உள்ளே ஓடினார். முடிவு தெரிந்தும், அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்டினெஸ் காலை நீட்டித் தடுத்த அந்தக் கணத்தில் என் கை நடுங்கியது. அவருடைய கையும்தான்.