புதுப்பிப்பு: அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட், பிராஃப் முடிவு வந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: அம்மாவின் பெருங்குடல் கட்டியில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 (டிஎன்ஏ பிழைகளைத் திருத்துபவை) இரண்டு புரதங்களும் காணோம் என்று ரிப்போர்ட்; இது பரம்பரையாக வரும் புற்றுநோய்க் குறைபாடான லிஞ்ச் சிண்ட்ரோமா, எனக்கும் தங்கைக்கும் ஆபத்தா என்று.

கட்டியின் பிராஃப் மரபணுவில் வி600ஈ என்ற பிறழ்வு இருக்கிறதாம். கேட்கக் கெட்ட செய்தி மாதிரி இருந்தாலும், எங்கள் கேள்விக்கு இதுதான் பதில். லிஞ்ச் கட்டிகளில் இந்தப் பிறழ்வு மிக அரிது. அதனால் எம்எல்எச்1 மரபணு பிறவியிலேயே பழுதாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மெத்தில் என்ற சிறு வேதிக் குழுக்கள் ஒட்டிக்கொண்டு கட்டிக்குள் மட்டும் அதைச் செயல்படாமல் நிறுத்தியிருக்க வேண்டும். வயதான பெண்களுக்கு, வலப்பக்கக் குடலில், இப்படி வருவது வழக்கம்தானாம்.

இரண்டு புரதம் போனால் இரண்டு மரபணு கெட்டதா என்று குழம்பியிருந்தேன். இல்லை. எம்எல்எச்1 துணை இல்லாமல் பிஎம்எஸ்2 நிலைக்காது, சிதைந்துவிடும்.

எம்எல்எச்1 புரதம் இருந்தால் பழுப்பாகும் சாயம் போட்ட ஸ்லைடைப் படத்தில் காட்டினார்கள். கட்டிச் செல்களின் உட்கருக்கள் வெறும் நீலம். நடுவே சிதறிய லிம்போசைட்டுகள் (இயல்பான வெள்ளை அணுக்கள்) பழுப்பு. அந்தப் பழுப்பு இருப்பதால்தான் சாயம் சரியாகப் பிடித்தது என்று நம்பலாமாம்.

அப்புறம், கேராஸ் என்ற இன்னொரு மரபணுவில் பிறழ்வு இல்லை. பிராஃப் பிறழ்வும் கேராஸ் பிறழ்வும் ஒரே கட்டியில் சேர்ந்து வருவது அபூர்வம். எம்எல்எச்1-இல் மெத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் மெத்திலேற்றச் சோதனை முடிவு இன்னும் பாக்கி.