கேட்டல் பகுதியில் மட்டும் தோற்கிறேன்: ஜப்பானியம் படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

சிங்காநல்லூரான்
வணக்கம். டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் என்4 நிலை எழுதினேன். மொத்தம் 180க்கு 101. தேர்ச்சிக்கு 90 போதும். ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 16தான். அதில் 19 வராவிட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தோல்விதான். ஆங்கில விளக்கம் உள்ள பாடநூலை முழுதாக முடித்துவிட்டேன். சொற்களையும் கைப்பேசிச் செயலியில் அட்டை அட்டையாக மனப்பாடம் செய்கிறேன். எழுத்தில் பார்த்தால் புரிகிற வாக்கியம், காதில் விழுந்தால் புரிவதில்லை. ஜூலையில் மறுபடி எழுத வேண்டும். தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதை எப்படிச் செலவிடலாம்?

நள்ளிரவு வாசகன்
சப்டைட்டில் இல்லாமல் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பாருங்கள். தானாக வந்துவிடும்.

ஒரகடம் துபாஷி
தானாக ஒன்றும் வராது. அனிமே பார்த்துவிட்டு வருகிற பையன்கள் கடற்கொள்ளையர் தலைவன்போல் பேசுகிறார்கள். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஜப்பானியர் சிரிப்பை அடக்கிக்கொள்வதை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு.

தம்பி, உங்கள் காதில் குறையில்லை. ஜப்பானிய வாக்கியத்தைக் கேட்டதும் ஆங்கிலத்தில் மாற்றிப் பார்க்கிறீர்கள். ஆங்கிலத்தில் வினை நடுவில் வரும், ஜப்பானியத்தில் கடைசியில். நீங்கள் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு முடிப்பதற்குள் ஒலிப்பதிவு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். தமிழிலும் வினை கடைசியில்தானே? வரிசையை மாற்றாமல் அப்படியே கேட்டுக்கொண்டு போகலாம். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் பிடிக்கும் என்று பொருள்படும் 'சுகி'க்கு முன்னால், நம் 'ஐ' உருபு போன்ற 'ஒ' போடுவதா, எழுவாய்க்குரிய 'க' போடுவதா என்று தடுமாறுவார்கள். 'எனக்குத் தேநீர் பிடிக்கும்' என்று நினைத்துப் பாருங்கள். தேநீரை என்று நாம் சொல்வதில்லை. அவர்களும் அங்கே 'ஒ' போடுவதில்லை.

வினையெச்சம் இதைவிடப் பெரிய வரம். 'யத்தெ' என்றால் செய்து. 'யத்தெ மிரு' செய்து பார், 'யத்தெ ஒகு' செய்து வை, 'யத்தெ ஷிமவ்' செய்துவிடு. 'மிரு' என்பதற்குத் தனியாகப் பொருள் பார்த்தல். 'ஒகு' என்பதற்கு வைத்தல். இதை ஆங்கிலப் பாடநூல் தனித்தனி இலக்கண விதிகளாகப் பிரித்துப் பக்கம் பக்கமாக விளக்குகிறது. எங்கள் பிரஸ் பகுதியில் பயிற்சி பெறுபவர் ஒருவர், ஜப்பானியம் ஒரு நாளும் படித்ததில்லை. 'யத்தெ மிதெ' என்று மேற்பார்வையாளர் சொன்னதும், நான் வாய் திறப்பதற்குள் லீவரைப் பிடித்துவிட்டார்.

இப்போது கேட்டலுக்கு வருகிறேன். பாடநூலில் 'தபெதெ இரு' என்று இருப்பது பேச்சில் 'தபெதெரு' ஆகிவிடும். 'யத்தெ ஒகு' சுருங்கி 'யத்தொகு' ஆகும். நாம் மட்டும் வீட்டில் 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று முழுதாகவா சொல்கிறோம்? நீங்கள் புத்தக வடிவத்துக்காகக் காத்திருக்கிறீர்கள். அது வருவதே இல்லை.

உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். எழுத்து வடிவமும் உள்ள சிறிய ஒலித்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடம் போதும். எளிய ஜப்பானியத்தில் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தரும் செய்திகள் நல்லவை. ஆனால் அவை நிறுத்தி நிதானமாக வாசிக்கப்படுபவை. சுருங்கிய பேச்சு வடிவங்களுக்கு உங்கள் பாடநூலின் உரையாடல்களே மேல். எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, விழுந்ததை ஹிரகானா என்னும் ஜப்பானிய எழுத்தில் எழுதுங்கள். ஓட்டை விழுந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். தெரியாத சொல்லைத் தவறவிட்டிருந்தால் போகட்டும். தெரிந்த சொல்லே தவறியிருந்தால் அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். உங்களுக்கு மதிப்பெண் அங்கேதான் கிடக்கிறது. கடைசியில் அதே துண்டை ஓடவிட்டு, குரலுக்கு அரைச் சொல் பின்னால் நீங்களும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

குறிப்புகளைத் தமிழெழுத்தில் எழுதாதீர்கள். இங்கே வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்துக்கும், படிப்பை விட்டு நிற்பதற்கும் அவர்களிடம் உள்ள சொற்களில் முதல் ஒலி மட்டுமே வேறு: ஒன்றில் 'd', மற்றதில் 't'. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'தை'தான். நெடில், குறில், இரட்டிக்கும் மெய் இவற்றில் நமக்குச் சிரமமில்லை. அத்தையை 'ஒபசன்' என்றும் பாட்டியை 'ஒபாசன்' என்றும் பிரித்துச் சொல்ல ஆங்கிலேயர் படும் பாட்டை நாம் படுவதில்லை.

பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்
என் பேத்தி ஜப்பானியம் படிக்கிறாள். அதனால் இந்த இழைக்கு வந்தேன். தமிழ் கைகொடுக்கும் என்று சொன்னீர்கள், அம்மா. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 'குரெரு', 'அகெரு' என்று கொடுத்தலுக்கு இரண்டு வினைகள் இருப்பதாக அவள் அலுத்துக்கொண்டாள். தனக்கு வருவது ஒன்று, பிறருக்குப் போவது மற்றொன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். தா என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடு என்பது படர்க்கைக்கும் உரியது. இன்றைய தமிழில் அது மங்கிவிட்டாலும் மலையாளத்தில் இன்னும் இருக்கிறது.

ஒரகடம் துபாஷி
ஐயா, அருமை. இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஒரு சிறு வேறுபாடு மட்டும் உண்டு. 'நான் உனக்குத் தருகிறேன்' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் 'அகெரு' போடுவார்கள். முன்னிலையில் மட்டும் பேத்தி கவனமாக இருக்கட்டும்.

சிங்காநல்லூரான்
மிக்க நன்றி, அக்கா. நேற்று ஒரு துண்டு எழுதிப் பார்த்தேன். வட்டமிட்டவற்றில் பெரும்பாலானவை எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள்தான். ஒலியின் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா?

ஒரகடம் துபாஷி
எந்த இடத்தில் தவறியது என்று தேடும்போது மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்வது இயல்பான வேகத்தில்தான். தேர்வில் ஒருமுறைதான் ஒலிக்கும், யாரும் உங்களுக்காக மெதுவாகப் பேசமாட்டார்கள். தேர்வு நடத்துபவர்களின் இணையதளத்திலேயே என்4 மாதிரி வினாக்கள் ஒலிப்பதிவோடு இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த துண்டை அதிலிருந்து எடுங்கள். சிவப்பு வட்டங்களை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.