0டபிள்யூ-20 பரிந்துரைக்கப்பட்ட இன்ஜினில் 5டபிள்யூ-40 ஊற்றலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் கார் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் கொண்டது. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஆயில் அழுத்தத்தைக் கொண்டு மாற்றும் விவிடி அமைப்பும் அதில் உண்டு. கையேட்டில் 0டபிள்யூ-20 ஆயில் குறிப்பிடப்பட்டிருக்கிறது, இதுவரை அதையே பயன்படுத்தி வந்திருக்கிறேன். ஓட்டம் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு, அளவுக்கம்பியில் மேல்குறி வரை இருக்கும் ஆயில் அடுத்த முறை மாற்றுவதற்குள் கீழ்க்குறியை நெருங்கிவிடுகிறது. வெளியே கசிவு எதுவும் தென்படவில்லை.

வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், நீர்த்த ஆயிலைத் தயாரிப்பாளர்கள் மைலேஜ் கணக்குக்காகவே சொல்கிறார்கள் என்றும், 5டபிள்யூ-40 ஊற்றினால் ஆயில் குறைவது நின்று இன்ஜினும் நீடித்து உழைக்கும் என்றும் உறுதியாகச் சொல்கிறார். அவருடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் தயாரிப்பாளர் சொன்னதை மீறுவதற்கு முன் காரணங்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். கெட்டியான ஆயில் தேய்மானத்தை உண்மையிலேயே குறைக்குமா? விவிடி அமைப்புக்குத் தீங்கு நேருமா?

மறுமொழி 1

முதலில் எண்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆயில்களைக் கெட்டித்தன்மைப்படி வகைப்படுத்தும் எஸ்ஏஇ ஜே300 தரநிலையின்படி, டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலையையும் (கெட்டித்தன்மையையும்) குறிக்கின்றன. 100 டிகிரியில் 20 கிரேடு ஆயில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு) வரையிலும், 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரையிலும், 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரையிலும் இருக்க வேண்டும். எனவே 20இலிருந்து 40க்குத் தாவும்போது, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கையில் ஆயிலின் பாகுநிலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை உயர்கிறது.

பேரிங்குகளைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது வேறொரு அளவு. 150 டிகிரி வெப்பத்தில், வேகமாகச் சுழலும் இரு பரப்புகளுக்கிடையே ஆயில் நசுக்கப்படும்போது எஞ்சும் பாகுநிலையே அது. எச்டிஎச்எஸ் என்று அழைப்பார்கள். 20 கிரேடுக்கு இது குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல் விநாடி, 5டபிள்யூ-40க்குக் குறைந்தது 3.5. இந்த எண் உயர்ந்தால் கிராங்க் பேரிங்கில் ஆயில் படலம் தடிக்கிறது என்பது மெய்தான். உங்கள் மெக்கானிக்கின் சொல்லில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் பரப்புகளின் நுண்ணிய மேடுபள்ளங்களை முழுமையாகப் பிரித்து வைக்கும் அளவுக்குப் படலம் ஏற்கெனவே இருக்குமானால், அதை மேலும் தடிமனாக்குவதால் தேய்மானம் குறையப் போவதில்லை. ஆயிலுக்குள்ளேயே உராய்வு கூடிப் பேரிங்கின் சூடு உயர்கிறது. அந்தச் சூட்டில் ஆயில் சற்று நீர்த்துப்போவதால், நாம் சேர்த்த தடிமனில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தும்விடுகிறது.

ஆயில் அழுத்தமானியில் முள் உயர்ந்து நிற்பதைப் பார்த்துப் பலர் நிம்மதியடைகிறார்கள். இது தவறான நிம்மதி என்பது என் உறுதியான கருத்து. ஆயில் நகர மறுக்கும்போதும் அழுத்தம் உயரும். குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டியதும் பம்பிலுள்ள விடுவிப்பு வால்வு திறந்து, பேரிங்குகளுக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. குளிர்ந்த இன்ஜினில் கெட்டியான ஆயில் இருந்தால் இது அடிக்கடி நிகழும்.

அப்படியானால் நீர்த்த ஆயில் இன்ஜின் கிளம்பும் வேளையில் போதாமல் போகுமா? போகாது. 100 டிகிரியில் 8 சென்டிஸ்டோக் அளவில் இருக்கும் 0டபிள்யூ-20 ஆயில், 40 டிகிரியிலேயே அதைப்போல் ஐந்து மடங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. அதே 40 டிகிரியில் வழக்கமான 5டபிள்யூ-40 சுமார் 80 சென்டிஸ்டோக்காகவும், 20டபிள்யூ-50 பெரும்பாலும் 150க்கு மேலும் இருக்கும். கிளம்பும் கணத்தில் எந்த ஆயிலுக்கும் தடிமன் குறைவதில்லை. எவ்வளவு விரைவாக மேல்தலை வரை ஏறுகிறது என்பதே அங்கே கேள்வி.

மறுமொழி 2

பணிமனையில் வேலை செய்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன இயற்பியலில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இன்ஜினுக்குள் நாம் ஊற்றும் ஆயில், ஊற்றிய நிலையிலேயே இருப்பதில்லை. குறுகிய தூரம் ஓடி, முழுச் சூடேறாமலே அணைக்கப்படும் வண்டிகளில், குறிப்பாக எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜின்களில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. 20 கிரேடு ஆயிலில் இது நடந்தால் எஞ்சியிருக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. நீண்ட மலையேற்றம், கனத்த சுமை, தொடர்ந்த அதிவேகம் ஆகியவற்றிலும் ஆயில் சூடு வழக்கத்தைவிட வெகுவாக உயர்கிறது. இத்தகைய சூழல்களில் ஒரு படி கெட்டியான ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று சில தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலும் வெப்பநிலைக்கேற்ற கிரேடுகளைக் காட்டும் பட்டியல் ஒன்றும் இருக்கும். முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளாமல் அதையும் தேடிப் பாருங்கள்.

மைலேஜ் கணக்கு என்ற குற்றச்சாட்டு பாதி உண்மை. எரிபொருள் சிக்கன விதிகள் இறுகியதால்தான் நீர்த்த ஆயில்கள் பரவின. 2013இல் 16 கிரேடும், 2015இல் 12, 8 கிரேடுகளும் ஜே300 தரநிலையில் சேர்க்கப்பட்டன. ஆனால் பழைய இன்ஜினில் வெறுமனே ஆயிலை மட்டும் மாற்றிவிடவில்லை. பேரிங் பரப்புகளின் மெருகு, உலோகப் பூச்சுகள், பம்பின் கொள்ளளவு ஆகியவற்றையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறார்கள் என்பதை நம் தொழிலில் உள்ளவர்கள் கவனிக்கத் தவறுகிறோம்.

விவிடி குறித்து: அதன் கட்டுப்பாட்டு வால்விலுள்ள துளைகளும் சல்லடையும் மிகச் சிறியவை, கேம் தண்டு எவ்வளவு விரைவில் நகர வேண்டும் என்று கணினி எதிர்பார்ப்பதும் குறிப்பிட்ட பாகுநிலையை ஒட்டியே. சூடேறிய இன்ஜினில் 5டபிள்யூ-40 பெரும்பாலும் தொல்லை தராது. குளிர்ந்த நிலையில் 20டபிள்யூ-50 இருந்தால் நகர்வு தாமதமாகி எச்சரிக்கை விளக்கு எரிய வாய்ப்புண்டு. என்னிடம் வரும் எந்த விவிடி இன்ஜினுக்கும் நான் 20டபிள்யூ-50 ஊற்றுவதில்லை.

கேள்வி கேட்டவர்

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. கையேட்டை மறுபடி பார்த்ததில், 0டபிள்யூ-20 கிடைக்காதபோதும் அதிவேக ஓட்டத்தின்போதும் 5டபிள்யூ-30 பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கிறது; 40 கிரேடு எங்குமே இல்லை. ஆனால் ஆயில் குறைவது ஏன் என்ற என் அடிப்படைக் கவலை அப்படியே இருக்கிறது. நீண்ட நேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போது சில வேளை சிறிது நீலப் புகை வருவதாகத் தோன்றுகிறது.

மறுமொழி 3

அந்த நீலப் புகைதான் இந்த உரையாடலில் இதுவரை கிடைத்த மிகப் பயனுள்ள தகவல். ஐடிலில் நின்று கிளம்பும்போது புகை வந்தால் வால்வு தண்டின் சீல்களை முதலில் சந்தேகிக்க வேண்டும். அழுத்தி மிதித்து வேகம் எடுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ஆயில் ரிங்குகள் கரி படிந்து ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். இரண்டுக்கும் முன்னால், செலவே இல்லாமல் பார்க்கக்கூடிய பிசிவி வால்வைப் (கிராங்க் அறையின் வாயுக்களை இன்ஜினுக்குள் திருப்பி அனுப்பும் வால்வு) பாருங்கள். அது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், கிராங்க் அறையிலிருந்து ஆயில் ஆவியை இன்ஜின் இடைவிடாமல் உறிஞ்சி எரித்துக்கொண்டே இருக்கும், எந்தக் கிரேடு ஊற்றினாலும் அளவு இறங்கும்.

கெட்டியான ஆயில் இறுகிப்போன சீலை இளகச் செய்யாது, ஒட்டிய ரிங்கையும் விடுவிக்காது. இடைவெளி வழியாக நழுவும் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவே. ஆயில் குறைவது மட்டுப்பட்டதும் பழுது தீர்ந்துவிட்டது என்று நினைத்து அளவுக்கம்பியைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

கிரேடைத் தவிர இன்னும் இரண்டு விவரங்கள் உங்கள் நிலைமையில் முக்கியமானவை. ஒன்று, ஆவியாகும் இழப்பு. நோவாக் சோதனையில் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கும்போது ஆயில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று அளக்கிறார்கள். பெட்ரோல் இன்ஜின் ஆயில்களுக்கான ஏபிஐ எஸ்பி தரத்தில் 15 சதவீதம் வரை அனுமதி உண்டு. ஆனால் நல்ல சிந்தெடிக் ஆயில்களில் 10 சதவீதத்துக்கும் கீழே இருப்பவை கிடைக்கின்றன. தயாரிப்பாளரின் தரவுத்தாளில் இந்த எண் பெரும்பாலும் இருக்கும். அதே கிரேடிலேயே இந்த இழப்பு குறைவான ஆயிலுக்கு மாறினால் ஆயில் குறைவது ஓரளவு மட்டுப்பட வாய்ப்புண்டு.

மற்றொன்று, தேய்மானத்தைத் தடுக்கும் சேர்க்கைகள் வழியாக ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற கிரேடுகளில் ஏபிஐ எஸ்பி தரம் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகிறது; 40, 50 கிரேடுகளுக்கு அந்த உச்சவரம்பு பொதுவாகப் பொருந்தாது. ஆயிலை எரிக்கும் ஓர் இன்ஜினில் அந்தப் பாஸ்பரஸ் நேராகப் புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டரில் போய்ப் படிந்து அதன் திறனைக் கெடுக்கிறது. ஆயில் குறைகிறது என்பதற்காகவே கெட்டியான ஆயிலுக்கு மாறுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

என் யோசனை இது. பிசிவி வால்வைச் சரிபார்த்த பின், கையேடு அனுமதிக்கும் 5டபிள்யூ-30இல் ஏபிஐ எஸ்பி தரமும் குறைந்த நோவாக் எண்ணும் உள்ள சிந்தெடிக் ஆயிலை ஊற்றுங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் அணைந்து சில நிமிடங்கள் கழித்து, 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அளவைக் குறித்து வாருங்கள். இடையில் சேர்க்க நேர்ந்தால் அதே ஆயிலைச் சேர்ப்பது நல்லது; அவசரத்தில் 0டபிள்யூ-20 கலந்தாலும் தீங்கில்லை, ஆயில் குறைந்த நிலையில் ஓட்டுவதுதான் தீங்கு. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டரைத் தாண்டினால், அடுத்த கிரேடைத் தேடாமல் சீல்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் எஞ்சியிருந்தால் அந்தக் குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.