இடி விழுந்த மதர்போர்டும் விண்டோஸ் லைசன்ஸும்: மலையகத்து ரிப்பேயார் மேசைகளில் பார்த்தவை

ஹட்டன், ரிப்பேயார் கடை

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடிமழை தொடங்கிவிட்டால் மேசைக்கு வருவது பெரும்பாலும் மதர்போர்ட் போன மெஷின்தான். இடி கரண்ட் வழியாக வந்தால் பவர் சப்ளையோடு நின்றுவிடுவதும் உண்டு. ரவுட்டர் வயர் வழியாக வந்தால் போர்டையே கொண்டுபோய்விடும். புதுப் போர்ட் போட்டு, பழைய டிஸ்கை மாட்டினால் விண்டோஸ் 11 நல்லபடியாகத் திறக்கும். கொஞ்ச நேரத்தில் வலது கீழ் மூலையில் 'எக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக ஒரு எழுத்து வரும். "நேத்து வரைக்கும் ஒரிஜினலா இருந்துச்சே, நீங்கதான் என்னமோ மாத்திட்டீங்க" என்ற சண்டை அங்கேதான் ஆரம்பம்.

டிஜிட்டல் லைசன்ஸ் டிஸ்கில் கிடக்கும் பொருள் இல்லை. மெஷினின் பாகங்களைச் சேர்த்து ஓர் அடையாளம் எடுத்து, அதை மைக்ரோசொஃப்ட் தன்னுடைய சேர்வரில் பதிந்துவைக்கிறது. ரேம் கூட்டினாலும் டிஸ்க் மாற்றினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மதர்போர்ட் மாறினால் சேர்வருக்கு அது வேறு மெஷின். செட்டிங்ஸில் எரர் எண் சி004எஃப்213 என்று முடிந்தால் இதுதான் அர்த்தம்.

மெஷின் உயிரோடு இருக்கும்போதே லைசன்ஸ் எந்த வகை என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ரன் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்தையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், ஐ அடித்து என்டர். சில விநாடியில் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் 'சனல்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓஇஎம் என்றால் லைசன்ஸ் அந்த மெஷினோடு பிறந்தது, அதோடேயே முடியும். ரீடெயில் என்றால் பழைய மெஷினில் இருந்து எடுத்துவிட்டு வேறு மெஷினுக்குக் கொண்டுபோகலாம். வொலியும் என்றால் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது.

ரீடெயில் என்று கண்டதும் சந்தோஷப்பட வேண்டாம். அதே பெட்டியில் கீயின் கடைசி ஐந்து எழுத்தும் இருக்கும். விண்டோஸின் ப்ரோ பதிப்பில் 3வீ66டி, ஹோம் பதிப்பில் 8எச்வீஎக்ஸ்7 என்று இருந்தால் அது எல்லா மெஷினுக்கும் பொதுவான கீ. விண்டோஸ் 7, 8 இருந்த மெஷின்கள் இலவசமாக மேலே ஏறியபோது கிடைத்த டிஜிட்டல் லைசன்ஸ் இப்படித்தான் காட்டும். பழைய மெஷினுக்கு இருந்த கட்டுப்பாடு அதற்கும் தொடரும். அந்தப் பழைய கீயை அடித்துப் புதிதாக எக்டிவேட் பண்ணும் வழியும் 2023 செப்டம்பரோடு மூடிவிட்டது.

போர்ட் பழுதானதால் அதே வகைப் போர்டை மாற்றினால் ஓஇஎம் லைசன்ஸ் செல்லும் என்பது மைக்ரோசொஃப்டின் விதி. வேகம் போதாது என்று பெரிய போர்ட் போட்டால் செல்லாது. செல்லும் இடத்தில் கையாள வேண்டிய வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், எக்டிவேஷன், அதில் ட்ரபிள்ஷூட். அங்கே 'அண்மையில் ஹார்ட்வெயார் மாற்றினேன்' என்பதைத் தொட்டு, பட்டியலில் பழைய மெஷினின் பெயரைத் தெரிவு செய்ய வேண்டும். அந்தப் பெயர் வர வேண்டுமானால் போர்ட் போவதற்கு முன்பே மெஷினை ஒரு மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும். இடி விழுந்த பிறகு இணைத்துப் பயனில்லை.

நுவரெலியா

அண்ணே, பழைய டிஸ்க் நல்லபடியாகத் திறக்கும் என்று எழுதியிருக்கிறீங்க. எல்லா மெஷினிலும் இல்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோமாக இருந்தாலும் பெரும்பாலான லெப்டொப்பில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். திறப்பு மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில். போர்ட் மாறினால் டிபிஎம்மும் மாறும். அப்போது நீலத்திரை 48 இலக்க எண் கேட்கும். அது இல்லாவிட்டால் படமும் இல்லை, கணக்குப் புத்தகமும் இல்லை. லைசன்ஸ் போனால் காசு கொடுத்து வாங்கலாம், இதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் இமெயில் இல்லை, இருந்தாலும் பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லை. அதனால் கடையின் ஒரே கணக்கை வைத்து வருகிற மெஷினையெல்லாம் திறந்துகொடுக்கும் பழக்கம் பல டவுன்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் டிஜிட்டல் லைசன்ஸும் அந்த 48 இலக்கமும் கடையின் கணக்கில் போய் உட்காரும். கடை மூடினால் தேட ஆளில்லை. மெஷின் வாங்கும் அன்றே சொந்தக் கணக்கில் திறக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கடைக் கணக்கில் திறந்த மெஷின் என்றால், செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை நிறுத்தி, பூட்டு முழுக்க அவிழும் வரை சார்ஜரில் வைத்து, பிறகு சொந்தக் கணக்குக்கு மாற்றி மறுபடி போடுங்கள். புது எண் உங்கள் கணக்குக்கு வரும். ஃபோனில் அதே கணக்கில் நுழைந்து டிவைஸ் பக்கத்தில் பார்த்து, காகிதத்தில் எழுதி, மெஷின் இல்லாத இடத்தில் வையுங்கள்.

பயோஸ் (மெஷினைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) அப்டேட் பண்ணும்போதும், பயோஸில் டிபிஎம்மை அணைத்துப் போடும்போதும் இதே திரை வரும். கை வைக்க முன் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிடுவது நல்லது.

பண்டாரவளை, சிப் வேலை

ஓஇஎம் பற்றி. 2012இல் விண்டோஸ் 8 வந்ததில் இருந்து பிராண்ட் லெப்டொப்பில் கீ ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. 25 எழுத்துக் கீ பயோஸ் சிப்புக்குள் எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் இருக்கிறது. விண்டோஸ் போடும்போது செட்டப் அதைத் தானே வாசித்து, எந்தப் பதிப்பு என்று கேட்காமலே போட்டுக்கொள்ளும். இங்கே விற்கும் லெப்டொப்பில் 'ஹோம் சிங்கிள் லேங்குவேஜ்' நிறைய. அதைத் துடைத்துவிட்டு ப்ரோ போட்டுக் கொடுத்தால் மூலையில் எழுத்து வராமல் வேறென்ன வரும்? சிப்பில் இருக்கும் கீ ஹோமுக்கு உரியது, ப்ரோவைத் திறக்காது. ஹோம் சிங்கிள் லேங்குவேஜையே திரும்பப் போட்டு ஒருமுறை இன்டர்நெட் கொடுத்தால் தானாக எக்டிவேட் ஆகும். இதற்குத் தனியாக 'கீ காசு' கேட்டால் கொடுக்க வேண்டாம். சிங்கிள் லேங்குவேஜ் என்றால் திரையின் மொழி ஒன்றுதான், தமிழ் 99 கீபோர்டைச் சேர்த்து டைப் பண்ண ஒரு தடையும் இல்லை. உண்மையிலேயே ப்ரோ கீ வாங்கியவர்கள் முதலில் ஹோமைப் போட்டு, பிறகு எக்டிவேஷன் பக்கத்தில் கீயை மாற்றினால் அது ப்ரோவாக மாறும்.

பயோஸ் சிப்பில் கை வைக்கிறவர்களுக்கு: எழுத முன் இரண்டு முறை வாசியுங்கள். இரண்டு கோப்பும் ஒன்றாக இருந்தால்தான் கிளிப்பின் பிடி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த மூலக் கோப்பை வாடிக்கையாளர் பெயர் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், கீ அதற்குள்தான் இருக்கிறது. நெட்டில் கிடைத்த வேறு லெப்டொப்பின் கோப்பை அப்படியே எழுதினால் அந்த மெஷினின் சீரியல் எண்ணும் கீயும் சேர்ந்து இங்கே வந்துவிடும். எக்டிவேட்டும் ஆகும். ஆனால் அது அடுத்தவன் லைசன்ஸ். சிப்பை வாசித்து எழுதும் மலிவான கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமரில் சிக்னல் கால்களில் 5 வோல்ட் வரும். 1.8 வோல்ட் சிப்பை அதில் நேரடியாக மாட்டினால் கீயோடு சிப்பும் போகும். வோல்டைக் குறைக்கும் இடைத்தகடு போட்டே வாசியுங்கள்.

தலவாக்கலை, தோட்ட ஒஃபீஸ் மெஷின்கள் பார்ப்பவர்

எக்டிவேட் ஆகியிருக்கிறது என்பதால் லைசன்ஸ் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். ஹட்டன் அண்ணன் சொன்ன கட்டளையில் டி, எல், ஐக்குப் பதில் எக்ஸ், பி, ஆர் அடித்துப் பாருங்கள். நிரந்தரம் என்று வந்தால் ஒரு கதை. ஒரு திகதி வரை என்று வந்தால் அது பெரும்பாலும் கேஎம்எஸ். நிறுவனத்துக்குள் ஒரு சேர்வர் வைத்து 180 நாள் முடிவதற்குள் லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் முறை அது. குறைந்தது 25 மெஷின் சேர்ந்தால்தான் அந்தச் சேர்வர் விண்டோஸ் 11ஐ எக்டிவேட் பண்ணும். மூன்று மெஷின் உள்ள கம்யூனிகேஷன் கடையில் கேஎம்எஸ் என்று காட்டினால், மெஷினுக்குள்ளேயே ஒரு போலிச் சேர்வர் உட்கார்ந்திருக்கிறது. டி, எல், வீ அடித்தால் சேர்வரின் பெயர் தெரியும். 127இல் தொடங்கும் முகவரியாக இருந்தால் சந்தேகமே இல்லை.

அந்தப் போலியை ஓட வைக்க விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரை அணைப்பார்கள், அல்லது ஒரு ஃபோல்டரைப் பார்க்காதே என்று விலக்கு எழுதிவைப்பார்கள். சம்பளப் பட்டியலும் ஈபிஎஃப் கணக்கும் இருக்கும் மெஷினில் அந்த ஓட்டை திறந்தே கிடக்கும். நிரலை மட்டும் அழித்தால் போதாது. டேட்டாவை எடுத்துவிட்டு டிஸ்கைத் துடைத்துப் புதிதாகப் போடுவதுதான் வழி.

நெட்டில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீயும் ஏறக்குறைய இதே இனம்தான். எங்கோ ஒரு நிறுவனத்துக்கோ பள்ளிக்கோ கொடுத்த வொலியும் கீயைத் துண்டு துண்டாக விற்கிறார்கள். சி004சி008 என்று வந்தால் அனுமதித்த எண்ணிக்கை முடிந்துவிட்டது. சி004சி003 என்று வந்தால் கீயைத் தடுத்துவிட்டார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கம்பியூட்டர் நிரலையும் பாதுகாக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தும் தொழிலுக்குப் பயன்படுத்தினால் குற்றம். 'போட்டது கடைக்காரன்' என்று ஒஃபீஸ் தப்ப முடியாது.

ஒஃபீஸுக்கு வாங்கும்போது: ஹோமில் ரிமோட் டெஸ்க்டொப்பால் உள்ளே வர முடியாது. ப்ரோவில் முடியும், ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஐந்து கிளாக்கர்மார் ஒரே மெஷினில் ஏறவேண்டும் என்றால் சேர்வர் பதிப்பும் அதற்கான தனி லைசன்ஸும் வேண்டும். விண்டோஸின் ஃபைலை மாற்றி ஐந்து பேரை ஏற்றும் வித்தை விதிமீறல், போதாக்குறைக்கு ஓர் அப்டேட் வந்ததும் நின்றுபோகும், அதுவும் சம்பள நாளில். ஷேர் ஃபோல்டர் மட்டும் போதும் என்றால் 20 மெஷின் வரை சாதாரண விண்டோஸே தாங்கும்.

பதுளை

விண்டோஸ் 10 உள்ளவர்கள் தொடர்ந்து கேட்பதால்: 2025 ஒக்டோபர் 14ஓடு அதற்கான ஆதரவு முடிந்தது. மெஷின் நிற்காது, லைசன்ஸும் போகாது. நிற்பது பாதுகாப்பு அப்டேட். 22எச்2 பதிப்பில் இருந்தால், வீட்டு மெஷினுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. செட்டிங்ஸை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் காசில்லாமல் எடுக்கலாம், அல்லது 30 டொலர்.

11க்கு ஏற, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0. டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே மெஷினை மாற்றவேண்டாம். பயோஸில் இன்டெல்லுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் அணைந்து கிடக்கும். கொழும்பில் இருந்து வரும் பாவித்த மெஷின்களில் தலைமுறையைப் பார்த்து வாங்குங்கள். கோர் ஐ5 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் வரும் எண் 8, 9, 10 அல்லது அதற்கு மேற்பட்ட தலைமுறை எண்ணில் தொடங்குகிறதா என்று பாருங்கள். சோதனையை ஏமாற்றி 11 போட்டுக் கொடுக்கிறார்கள். ஓடும். ஆனால் வருடாந்தப் பெரிய அப்டேட் தானாக வராது. கோர் 2 டுவோவில் 24எச்2 தொடங்கவே தொடங்காது, பொப்கவுண்ட் என்ற கட்டளை அந்த சிப்பில் இல்லை.

கம்பளை, டைப்பிங் கடை

11க்கு ஏறாத மெஷினில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் எக்டிவேஷன் என்ற பேச்சே இல்லை. ஹந்தானை மலையின் பெயரில் ஹந்தான லினக்ஸ் என்று நம் நாட்டில் செய்த ஒன்றும் வெளிவந்தது. டைப்பிங் கடைக்கு ஒரு முட்டுக்கட்டை: பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கும். எழுத்துருக் கோப்பை ஹோம் ஃபோல்டரில் எழுத்துருக்களுக்கான இடத்தில் போட்டால் லிப்ரே ஒஃபீஸில் திறக்கும். பக்கம் பிரியும் இடம் மட்டும் நகரும். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகும் படிவமாக இருந்தால் பிரின்ட் எடுக்க முன் வரி வரியாகப் பாருங்கள்.

ராகலை

சேர்மார், லைசன்ஸ் சரி, கணக்கும் சரி, போர்டும் மாத்தல. ஆனா ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் எக்டிவேஷன் சேர்வரோட பேச முடியலன்னு வருது. பழைய டெஸ்க்டொப். கீ பிரச்சினையா?

ஹட்டன், ரிப்பேயார் கடை

திகதியைப் பாருங்க தம்பி. வருஷம் பின்னால போயிருந்தா சேர்வரோட பாதுகாப்புச் சான்றிதழை மெஷின் நம்பாது, தொடர்பு அறுந்துடும். போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மீற்றரில் வைங்க. 3 வோல்ட் இருக்கணும், 2.8க்குக் கீழ இருந்தா மாத்திடுங்க. ஈரப்பதத்துல அந்தக் கவ்வியில பச்சை பிடிச்சிருக்கும், ஐசோபுரோபைல் அல்கஹோல்ல துடைச்சிட்டு மாட்டுங்க. பயோஸ் திகதியைச் சரி பண்ணுங்க, டிபிஎம் அமைப்பு பழையபடி அணைஞ்சு போயிருக்கான்னும் பாருங்க. அதுக்குப் பிறகு விண்டோஸைத் திறந்து எக்டிவேஷன் பக்கத்துல ட்ரபிள்ஷூட்டை ஒருக்கா ஓட விடுங்க.