மூடுபனியில் ஃபெர்ரியை நிறுத்துவதா, மெதுவாக ஓட்டுவதா?

தேவகி:
1955 மே 11, ஜப்பானின் செட்டோ உள்கடல். தக்கமட்சுவிலிருந்து ஊனோவுக்குக் கிளம்பிய ஷியுன் மாரு என்ற ஃபெர்ரி, அடர்ந்த மூடுபனியில் எதிரே வந்த மூன்றாம் ஊக்கோ மாருவோடு மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 168 பேர் இறந்தார்கள், அதில் 100 பேர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். இரண்டும் ஒரே ரயில்வேயின் கப்பல்கள். இரண்டிலும் ரேடார் இருந்தது. பார்வைத் தூரம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஃபெர்ரியின் கயிற்றையே அவிழ்க்கக் கூடாது என்பது என் கருத்து.

மூர்த்தி:
கப்பலில் அதிகாரியாக வேலை பார்த்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். அங்கே கோளாறு வேகத்தில். அதோடு கடைசி நேரத்தில் ஷியுன் மாரு இடப்பக்கம் திரும்பியது. கப்பல்களுக்கான 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 19ஆவது விதி இதைத்தான் தடுக்கப் பார்க்கிறது. ரேடாரில் மட்டும் தெரிகிற கப்பல் முன்பக்கம் இருந்தால் கூடியவரை இடப்பக்கம் திரும்பாதே. முன்னாலிருந்து சங்குச் சத்தம் கேட்டால், சுக்கானுக்குக் கப்பல் கட்டுப்படும் அளவுக்கு வேகத்தைக் குறை, தேவையானால் நின்றுவிடு. இப்போது ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவி வேறு இருக்கிறது, எதிரே வருகிற கப்பலின் பெயரும் வேகமும் திரையிலேயே தெரியும். இத்தனையும் இருக்க, தீவுக்காரர்களை ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவிடாமல் கட்டிப்போடுவது நியாயமில்லை.

அன்வர்:
மூர்த்தி அண்ணா, சின்ன மரப் படகில் ஏஐஎஸ் ஏது? அலை கொஞ்சம் எழுந்தால் ரேடார் திரையிலும் அது கரைந்துவிடும். பங்களாதேஷில் பத்மா ஆற்றின் பாட்டூரியா – தௌலத்தியா ஃபெர்ரியைக் குளிர்காலப் பனியில் நிறுத்திவிடுகிறார்கள். இரு கரையிலும் லாரியும் பஸ்ஸும் வரிசை கட்டி நிற்கும், நடு ஆற்றில் மாட்டியவை நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். கஷ்டம்தான், ஆனாலும் நிறுத்துகிறார்கள்.

மூர்த்தி:
சரி, பாதி வழியில் பனி இறங்கினால்? கரையில் போட்ட தடை அப்போது உதவாது. பனியில் ஓட்டியே பழகாத ஆள் அங்கே திணறுவான். இன்னொன்று, பனி லேசாக விலகியதும் காத்திருந்த எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கிளம்பும். அதுதான் மிக ஆபத்தான நேரம். போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று பிரித்துவிடுங்கள். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே உள்ள டோவர் நீரிணையில் 1967லேயே செய்தார்கள்.

தேவகி:
தடம் பிரிப்பதை ஏற்கிறேன், மூர்த்தி சார். பழக்கம் வேண்டுமென்றால் பயணிகள் இல்லாத படகில் பழகட்டும். நீங்கள் சொன்ன விதிகள் எல்லாம் கிளம்பிய பிறகு கேப்டன் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கின்றன. கிளம்பலாமா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. ஷியுன் மாரு ரயில் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் ஃபெர்ரி, அக்கரையில் இணைப்பு ரயில் காத்திருக்கும். அட்டவணை கழுத்தை நெரிக்கும்போது அந்த முடிவைக் கேப்டன் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். துறைமுகத்தில் ஒருவர் பார்வைத் தூரத்தை அளந்து, கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூர்த்தி:
கரையில் தெளிவாக இருந்து நடுக்கடலில் பனி மூடியிருந்தால் அவர் அளவு பொய்யாகிவிடுமே. கேப்டனுக்கு மேல் இன்னொருவர் முடிவெடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

தேவகி:
போகச் சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டாம், தடுக்கும் அதிகாரம் மட்டும் போதும். கரை அனுமதித்தாலும், போகாமல் இருக்கும் உரிமை கேப்டனுக்கு அப்படியே இருக்கட்டும்.

அன்வர்:
அப்படியானால் நின்ற நேரத்துக்குக் கேப்டனின் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்பதையும் அந்த விதியிலேயே சேர்க்க வேண்டும், அக்கா.