புதுப்பிப்பு: எங்கள் வீட்டு எர்த் எந்த வகை என்று தெரிந்துவிட்டது

பழைய வீட்டில் எர்த் எந்த வகை, புதிதாகப் போட்ட 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஏன் அடிக்கடி விழுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எர்த் ஒயரைக் கடைசிவரை பின்தொடரச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. கம்பத்திலிருந்து வருவது பேஸ், நியூட்ரல் இரண்டு மட்டுமே. எர்த் ஒயர் மீட்டர் பெட்டியில் நியூட்ரலோடு சேராமல், நேராகக் கொல்லைப்பக்கக் குழியில் உள்ள ஜிஐ பைப்புக்குப் போகிறது. அப்படியென்றால் டிடி முறை, அதாவது சப்ளை நியூட்ரலோடு சேராமல் வீட்டுக்கென்று தனி எர்த்.

எர்த் டெஸ்டரில் அந்தக் குழியின் மின்தடை 38 ஓம். எலெக்ட்ரீஷியன் போட்ட கணக்கு: 230 வோல்ட்டை 38-ஆல் வகுத்தால் சுமார் 6 ஆம்பியர்; பேஸ் எர்த்தில் பட்டாலும் 16 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் விழும் சுவிட்ச்) அசையாது. ஆர்சிசிபி இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம்! குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றியதும் 11 ஓமுக்கு இறங்கியது. கோடையில் மறுபடி ஏறும் என்கிறார், பக்கத்திலேயே இன்னொரு குழி போடப் போகிறோம்.

எதிர்பாராதது வேறு. ஆர்சிசிபியை அணைத்து, பிளக்குகளையெல்லாம் கழற்றியபின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்ததில், சமையலறை சாக்கெட்டுக்குப் பின்னால் இரண்டையும் யாரோ துண்டு ஒயரால் இணைத்திருந்தார்கள். நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் கொஞ்சம் அது வழியாக எர்த்துக்குப் போனதை ஆர்சிசிபி கசிவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்து மூன்று வாரம் ஆகிறது, ஆர்சிசிபி ஒருமுறைகூட விழவில்லை. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் ஒழுங்காக விழுகிறது.